இரட்டை வட்டு இருந்தும் விழுந்த சர்வர்: ஒரு பழைய டெபியன் இயந்திரத்தைப் பழுது பார்த்த பதிவு

ரெய்டு 1 அமைப்பில் இரண்டு வட்டுகள் ஒரே தரவைச் சுமக்கின்றன. ஒன்று போனாலும் மற்றொன்று வேலையைத் தொடர வேண்டும். இரண்டாவது வட்டை வைப்பதே அதற்காகத்தான். நான் பராமரிக்கும் ஒரு பழைய கோப்பு சர்வரில் நடந்தது வேறு. ஒரு வட்டு இணைப்பை இழக்கும்போதெல்லாம் முழு இயந்திரமும் விழுந்தது. கோப்புகள் பத்திரமாக இருந்தன, இயந்திரம்தான் நிற்கவில்லை. ஏன் என்று தேடியதும், கண்டதும், பிறகு வட்டுகளைப் புதிதாக அமைத்ததும் இங்கே. இதே தலைமுறை சர்வர்கள் இன்னும் பல அறைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இயந்திரம் எளிமையானது. 2 ஜிபி நினைவகம், 500 ஜிபி சாட்டா வட்டுகள் இரண்டு, தனி ரெய்டு அட்டை கிடையாது. லினக்ஸின் மையமான கெர்னல் தரும் மென்பொருள் ரெய்டு மட்டும். 2009 பிப்ரவரியில் வெளியான டெபியன் 5 என்ற லினக்ஸ் பதிப்பு முதலில் நிறுவப்பட்டு, அதே வட்டிலேயே 6-க்கும் பிறகு 7-க்கும் மேம்படுத்தப்பட்டது. கெர்னல் 3.2. டெபியன் 7-க்கான நீண்டகால ஆதரவு 2018 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அதில் ஓடும் ஒரு பழைய கணக்கு மென்பொருளை வேறு இடத்துக்கு மாற்றும் வேலை தனியாக நடக்கிறது. அது முடியும்வரை இதை நம்பித்தான் ஆக வேண்டும். வெளியிணையத் தொடர்பைத் துண்டித்து, உள்வலையில் மட்டும் வைத்திருக்கிறேன்.

மேம்படுத்தி மேம்படுத்திக் கொண்டுவந்த சர்வரில் ஒன்றை மறக்கக் கூடாது. மென்பொருள் புதிதாகும், வட்டின் அமைப்பு முதல் நாளில் போட்டபடியே இருக்கும். பார்ட்டிஷன் (வட்டின் பிரிவு) எங்கே தொடங்குகிறது, ரெய்டு விவரம் எந்த வடிவில் எழுதப்பட்டிருக்கிறது, ஸ்வாப் (நினைவகம் நிரம்பும்போது அதன் பக்கங்களைத் தள்ளிவைக்கும் வட்டுப் பகுதி) எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் டெபியன் 5 காலத்தில் யாரோ எடுத்த முடிவுகள்தான் இன்றும் ஆள்கின்றன. இந்தப் பழுதின் வேர் அங்கேதான் இருந்தது.

சாட்சியைப் பிடித்தல்

இரவில் காப்பு நகல் எடுக்கும் நேரத்தில் சர்வர் உறைந்துபோகும். காலையில் திரை கறுப்பாக இருக்கும், விசைப்பலகைக்குப் பதில் இருக்காது. மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் எழுந்து, கோப்பு முறைமையைச் சரிபார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். பதிவேட்டுக் கோப்புகளில் விழுந்த நேரத்துக்கு முந்தைய சாதாரண வரிகள் இருக்கும், அதன் பின் நேராக அடுத்த பூட்டின் வரிகள்.

பதிவேடு வெறுமையாக இருப்பதே ஒரு தடயம். வட்டில் சிக்கல் என்றால், அந்தச் சிக்கலைப் பற்றிய வரியும் அதே வட்டில்தான் எழுதப்பட வேண்டும். எழுத முடியாத இடத்தில் சாட்சி பதிவாகாது. திரை கறுத்திருந்ததற்குக் காரணம் இன்னும் சாதாரணமானது: அந்தக் காலக் கெர்னல்கள் பத்து நிமிடம் விசை தட்டாவிட்டால் எழுத்துத் திரையை அணைத்துவிடும். உறைந்த பின் அதைத் திரும்ப ஏற்ற வழியில்லை. கடைசி வார்த்தைகள் திரையில் இருந்தும் படிக்க முடியாது.

ஆகவே வட்டைத் தொடுவதற்கு முன் இரண்டு ஏற்பாடுகளைச் செய்தேன். கணினியை எழுப்பும் பூட் ஏற்றியான கிரப்பின் கட்டளை வரியில் ‘கன்சோல்பிளாங்க்=0’ என்று சேர்த்துத் திரை அணைவதை நிறுத்தினேன். அதோடு நெட்கன்சோல் என்ற கெர்னல் தொகுதியை ஏற்றினேன். அது கெர்னலின் செய்திகளை வட்டின் பக்கமே போகாமல், யுடிபி பொட்டலங்களாக வலையில் இன்னொரு கணினிக்கு அனுப்பிவிடும். அந்தக் கணினியில் 6666 என்ற போர்ட்டில் நெட்கேட் என்ற கருவி காதைத் தீட்டிக்கொண்டு, வருவதையெல்லாம் ஒரு கோப்பில் எழுதும். கெர்னலின் செய்தி அளவை 8-க்கு உயர்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முக்கியமான வரிகள் பல வடிகட்டப்பட்டுவிடும். பெறும் கணினி வேறொரு வலைப்பிரிவில் இருந்தால் நுழைவாயிலின் மேக் முகவரியைக் கொடுக்க வேண்டும்.

கெர்னல் மீள முடியாத பிழையில் நின்றுபோனால் (பேனிக்) தானாகவே மறுதொடக்கம் செய்யும் அமைப்பை இந்தக் கட்டத்தில் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சேவை சீக்கிரம் திரும்பும், உண்மைதான். ஆனால் சேதமாகிக்கொண்டிருக்கும் வட்டை ஆளில்லாத நேரத்தில் மீண்டும் மீண்டும் எழுப்பி எழுத வைக்கிறோம். காரணம் தெரியும்வரை விழுந்த இயந்திரம் விழுந்தே கிடக்கட்டும்.

அடுத்த முறை விழுந்தபோது எல்லாம் கிடைத்தது. வரிசை இப்படி இருந்தது. முதலில் ஏடிஏ2 என்ற இணைப்பில் பிழை, அதில் ‘ஐசிஆர்சி’ என்ற சொல். பிறகு ‘ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்’ என்று சில முறை. இணைப்பின் வேகத்தை 1.5 ஜிகாபிட்டாகக் குறைக்கும் முயற்சி. அதுவும் பலிக்காமல் இரண்டாவது வட்டான எஸ்டிபி கைவிடப்பட்டது. உடனே ரெய்டு தன் கடமையைச் சரியாகச் செய்தது: ‘எஸ்டிபி3 பழுது, அதை நிறுத்துகிறேன், ஒரு சாதனத்துடன் வேலை தொடர்கிறது’ என்ற பொருளில் ஒரு வரி. இதுவரை பாடப்புத்தகம் சொல்வதுதான்.

அடுத்த வரிதான் விடை. ‘ரீட்-எரர் ஆன் ஸ்வாப்-டிவைஸ் 8:16’. அந்த வரி பலமுறை வந்தது. கடைசியில் ‘கெர்னல் பேனிக், அட்டெம்டெட் டு கில் இனிட்’.

8:16 என்பது எஸ்டிபி வட்டின் சாதன எண். எந்தப் பார்ட்டிஷன் எதற்கு என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்தேன். இரண்டு ஸ்வாப் வரிகள்: ஒன்று முதல் வட்டான எஸ்டிஏவின் இரண்டாம் பார்ட்டிஷன் எஸ்டிஏ2, மற்றது எஸ்டிபி2. இரண்டுக்கும் ஒரே முன்னுரிமை எண். ரெய்டு கிடையாது, நேரடியாக வட்டின் பார்ட்டிஷன்கள்.

ஒரே முன்னுரிமை கொடுத்தால் கெர்னல் இரண்டு ஸ்வாப் பகுதிகளிலும் மாறி மாறி எழுதும். வேகம் இரட்டிப்பாகக் கிடைக்கும் என்று பலர் இப்படி அமைத்தார்கள். ஸ்வாப்பில் இருப்பது தற்காலிகத் தரவுதானே, அதற்கு எதற்கு இரட்டைப் பிரதி என்பதும் அவர்களது வாதம். ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப் பொறுத்தவரை அது தற்காலிகமே அல்ல. நினைவகத்திலிருந்து ஸ்வாப்புக்குத் தள்ளப்பட்ட பக்கம் அந்த நிரலின் உடலில் ஒரு பகுதி. வேறெங்கும் பிரதி இல்லாத அந்தப் பக்கத்தைத் திரும்பப் படிக்க முடியாவிட்டால் கெர்னல் அந்த நிரலைக் கொல்வதைத் தவிர வேறு வழியில்லை. கொல்லப்படுவது எல்லா நிரல்களுக்கும் முதலில் தொடங்கும் இனிட் என்றால் கெர்னலே நிற்கிறது. காப்பு நகல் ஓடும் இரவில்தான் 2 ஜிபி நினைவகம் நிரம்பிப் பக்கங்கள் ஸ்வாப்புக்குப் போகின்றன. பகலில் அதே வட்டு நழுவினால் யாருக்கும் தெரியாமல் ரெய்டு தாங்கிக்கொள்ளும். இரவில் நழுவினால் இயந்திரம் விழும். இரவு நேர முடக்கத்துக்கான விளக்கம் அதோடு முடிந்தது.

ஊகத்தைச் சோதிக்க எளிய வழி இருந்தது. எஸ்டிபி2-இல் மட்டும் ஸ்வாப்பை அணைத்தேன். அடுத்த முறை வட்டு நழுவியபோது ரெய்டு ஒற்றைக் காலில் நின்றது, சர்வர் விழவில்லை. இதைத் தற்காலிக மருந்தாக எங்கும் பயன்படுத்தலாம். எஸ்டிஏ நழுவினால் மட்டும் காப்பாற்றாது.

வட்டா, கம்பியா

சர்வர் விழுந்த காரணம் தெரிந்துவிட்டது. வட்டு ஏன் நழுவுகிறது என்பது தனிக் கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு முதல் வேலையாகப் புது வட்டு வாங்குபவர்கள் அதிகம்.

கெர்னல் செய்தியில் இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘யுஎன்சி’ என்று வந்தால் வட்டின் பரப்பில் படிக்க முடியாத இடம் இருக்கிறது, அதை வட்டே ஒப்புக்கொள்கிறது. ‘ஐசிஆர்சி’ என்று வந்தால் வட்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தரவு கெடுகிறது: கேபிள், இணைப்பான், சில நேரம் மின்சாரம். வட்டின் உடல்நலக் கணக்கைப் படிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் கருவி காட்டும் எண்களும் அதேபோல் இரண்டு குடும்பம். 5, 197, 198 ஆகிய வரிகள் பரப்பைப் பற்றியவை: மாற்றப்பட்ட செக்டர்கள் (வட்டு தரவைச் சேமிக்கும் சிறு துண்டுகள்), மாற்றத்துக்காகக் காத்திருப்பவை, மீட்க முடியாதவை. 199 கேபிள் வழியில் நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை. இந்த 199 ஒருபோதும் குறையாது. பெரிய எண் இருப்பதைக் கண்டு பதறத் தேவையில்லை, அது என்றோ மாற்றிய கேபிளின் பழைய கணக்காக இருக்கலாம். எண்ணைக் குறித்துவைத்து, வட்டு முழுவதையும் ஒருமுறை படிக்கவைத்து, மீண்டும் பார்க்க வேண்டும். ஏறியிருந்தால் நோய் இன்றும் இருக்கிறது.

எஸ்டிபியில் 5, 197, 198 மூன்றும் சுழியம். நீண்ட சுயசோதனையும் குறையில்லாமல் முடிந்தது. 199 மட்டும் ஒவ்வொரு வாசிப்புக்கும் ஏறியது. இரண்டு வட்டுகளின் தரவுக் கேபிள்களை இடம் மாற்றினேன். ஏற்றம் எஸ்டிஏவுக்குத் தாவியது. குற்றவாளி கேபிள்தான். பூட்டுக் கொக்கி இல்லாத பழைய வகை, மின்விசிறியின் அதிர்வில் மெல்ல நழுவிக்கொண்டிருந்திருக்கிறது. கொக்கியுள்ள புதுக் கேபிள்களை இரண்டுக்கும் போட்டபின் எண் நின்றது.

இடையில் ஓர் எச்சரிக்கை. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற எழுத்துகளை நம்பி வட்டைக் கழற்றக் கூடாது. நழுவிய வட்டு மறுபடி இணைந்தால் ஓடும் அமைப்பில் எஸ்டிசி என்ற புதுப் பெயரில் வரக்கூடும். கேபிளை மாற்றினால் பெயரும் மாறலாம். வட்டின் வரிசை எண்ணை ஸ்மார்ட்சிடிஎல் காட்டும். அதைப் பெட்டிக்குள் இருக்கும் வட்டின் ஒட்டுத்தாளோடு ஒப்பிட்ட பின்பே கை வைக்க வேண்டும். ஒற்றைக் காலில் நிற்கும் ரெய்டில் தவறான வட்டை உருவினால் மிஞ்சியிருக்கும் காலும் போய்விடும்.

நல்ல வட்டு எது

கேபிளை மாற்றியாயிற்று, எஸ்டிபியைத் திரும்ப ரெய்டில் சேர்த்தால் வேலை முடிந்ததுபோலத் தோன்றும். நான் சேர்க்கவில்லை. காரணம் எஸ்டிஏவின் 197-ஆம் வரி: அங்கே சுழியம் இல்லை. இத்தனை காலமும் ஒழுங்காக ஓடிய, யாரும் சந்தேகிக்காத வட்டின் பரப்பில்தான் படிக்க முடியாத இடங்கள் இருந்தன. ரெய்டை மீண்டும் ஒத்திசைக்க, கெர்னல் எஸ்டிஏவின் ஒவ்வொரு செக்டரையும் படித்து எஸ்டிபியில் எழுதும். படிக்க முடியாத இடம் வரும்போது ஒத்திசைவு தடைபடும், எஸ்டிபியில் இருந்த பழைய நல்ல பிரதியும் அதற்குள் ஒரு பகுதி அழிந்திருக்கும். பழைய ரெய்டுகளில் தரவு இழப்பு பெரும்பாலும் இந்த வேளையில்தான் நடக்கிறது.

இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். டெபியன் ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையும் ரெய்டு முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் வேலையைத் தானே வைத்திருக்கிறது. இந்த சர்வரில் என் காலத்துக்கு முன்பே யாரோ அதை அணைத்திருந்தார்கள், வேகம் குறைகிறது என்பதற்காக இருக்கலாம். ரெய்டை ஆளும் எம்டிஏடிஎம் கருவி, வட்டு நழுவினால் ரூட் பயனருக்கு மின்னஞ்சல் அனுப்பும். ரூட்டின் அஞ்சல் எங்கும் திருப்பிவிடப்படவில்லை. எச்சரிக்கைகள் யாரும் திறக்காத பெட்டியில் குவிந்து கிடந்தன. ஒரு பழைய சர்வர் கைக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியவை இந்த இரண்டும்தான் என்று அழுத்திச் சொல்வேன்.

சர்வரை நிறுத்தி, மீட்பு யுஎஸ்பியிலிருந்து எழுப்பி, டிடிரெஸ்க்யூ கொண்டு எஸ்டிஏ முழுவதையும் பெரிய வெளி வட்டில் பிம்பமாக எடுத்தேன். குனு டிடிரெஸ்க்யூவின் சிறப்பு அதன் வரைபடக் கோப்பு. எதைப் படித்தேன், எதை விட்டேன் என்று அதில் குறித்துக்கொண்டே போகும். நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் சுற்றில் எளிதாக வருவதை மட்டும் எடுக்கச் சொல்லி, சேதமான இடங்களைக் கடைசிக்குத் தள்ளினேன். சாகக்கூடிய வட்டில் முதலில் முரட்டு இடத்தில் முட்டிக்கொண்டு நின்றால், நல்ல இடத்தையும் இழக்க நேரிடலாம். மொத்தம் 97,67,73,168 செக்டர்களில் ஒரு சிறு கொத்தைத் தவிர எல்லாம் வந்தன.

அந்தக் கொத்தில் என்ன இருந்தது என்று தெரியாமல் விட முடியாது. சேதமான செக்டர் எண்ணிலிருந்து பார்ட்டிஷன் தொடங்கும் செக்டர் எண்ணைக் கழித்து 8-ஆல் வகுத்தால், 4096 பைட் அளவுள்ள கோப்பு முறைமையின் பிளாக் எண் வரும். இங்கே ரெய்டு விவரம் பழைய 0.90 வடிவில் பார்ட்டிஷனின் கடைசியில் இருப்பதால் கணக்கு இவ்வளவுதான். 1.2 வடிவம் என்றால் தரவு பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து தள்ளித் தொடங்கும், அந்த இடைவெளியையும் கழிக்க வேண்டும். பிளாக் எண்ணை டீபக்எஃப்எஸ் கருவியிடம் கொடுத்து ‘ஐசெக்’ கேட்டால் கோப்பின் உள் அடையாளமான ஐநோடு எண் கிடைக்கும். அதை ‘என்செக்’கிடம் கொடுத்தால் கோப்பின் பெயரே வரும். எல்லாம் சுருக்கப்பட்ட ஒரு பழைய பதிவேட்டுக் கோப்புக்கு உரியவை. பெருமூச்சு விட்டேன். முக்கியமான கோப்பாக இருந்திருந்தால், எஸ்டிபியில் அதே செக்டர்களைப் படித்து அதே வரைபடக் கோப்பின் துணையோடு பிம்பத்தின் ஓட்டைகளை நிரப்பியிருக்கலாம். எஸ்டிபி நழுவிய பிறகு அந்தக் கோப்பு மாறாமல் இருந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இதே கட்டத்தில் பலர் செய்வது, பயத்தில் நேராக எஸ்டிஏ3-இன் மேல் எஃப்எஸ்சிகே என்ற கோப்பு முறைமைத் திருத்தக் கருவியை ஓட்டுவது. 0.90 வடிவில் ரெய்டு விவரம் கடைசியில் இருப்பதால் ஒவ்வொரு உறுப்பும் தனிக் கோப்பு முறைமைபோலவே தெரியும், எஃப்எஸ்சிகேவும் தயங்காமல் ஓடும். ஒரு பக்கத்தை மட்டும் திருத்தியதும் இரண்டு பிரதிகளும் வெவ்வேறாகிவிடும், ரெய்டுக்கு அது தெரியவும் தெரியாது. திருத்தம் எப்போதும் கூட்டுச் சாதனமான எம்டி1-இன் மேல்தான். அதற்கும் முன் ‘வெறும் பார்வை’ முறையில் ஓட்டி, என்ன மாற்றப்போகிறது என்று படிக்க வேண்டும். படிக்க மட்டும் மவுன்ட் செய்தாலும் எக்ஸ்ட்3 கோப்பு முறைமை தன் ஜர்னலில் (மாற்றங்களின் முன்குறிப்பு) நிலுவையில் இருப்பதை வட்டில் எழுதிவிடும். அது வேண்டாமென்றால் ‘நோலோடு’ என்ற விருப்பமும் சேர வேண்டும்.

0.90-இன் இன்னொரு பக்கவிளைவு இன்னும் நுட்பமானது. பூட் ஏற்றி ஒற்றை உறுப்பிலிருந்தே கெர்னலைப் படிக்க முடியும் என்பதால், பயாஸ் பழைய, நழுவிப்போன வட்டிலிருந்து பூட் செய்தால் அந்த வட்டில் உறைந்திருக்கும் பழைய கெர்னலும் பூட்டின் தொடக்கத்தில் உதவும் பழைய இனிட்ராம்எஃப்எஸும் ஏறும். மேம்படுத்திய கெர்னல் கோப்பில் இருக்கிறது, ஓடுவதோ முந்தையது என்றால் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும். எந்த வட்டு புதியது என்பதை எம்டிஏடிஎம்மின் ‘எக்ஸாமின்’ காட்டும் நிகழ்வு எண்ணைக் கொண்டு முடிவு செய்யலாம். பெரிய எண்ணுள்ள வட்டே நடப்பு.

மின்சாரத்தைத் துண்டித்து எழுப்பியபோது சர்வர் வேறொரு சிக்கலைக் காட்டியது: பயாஸின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது, வட்டோடு பேசும் சாட்டா முறை ஏஎச்சிஐயிலிருந்து பழைய ஐடிஇக்குத் திரும்பியிருந்தது. மதர்போர்டின் சிஆர்2032 மின்கலம் தீர்ந்திருந்தது. கடிகாரம் பின்னால் போனால் ‘கடைசியாக மவுன்ட் செய்த நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது’ என்று எஃப்எஸ்சிகே புகார் சொல்லும், வட்டில் குறையென்று நினைத்துவிடுவோம். மின்கலத்தை மாற்றி, அமைப்பை ஏஎச்சிஐக்கு மீட்டேன். பழைய பெட்டியைத் திறக்கும் நாளிலேயே மின்கலத்தையும் மாற்றிவிடுவது நல்லது.

புது வட்டுகள், புது எல்லைகள்

500 ஜிபி வட்டுகள் இரண்டையும் ஓய்வு கொடுத்துவிட்டு 1 டிபி வட்டுகள் இரண்டைப் போட முடிவெடுத்தேன். இங்கே வழக்கமான குறுக்கு வழி, பழைய வட்டின் பார்ட்டிஷன் அட்டவணையை எஸ்எஃப்டிஸ்க் கொண்டு அப்படியே புது வட்டுக்கு நகலெடுப்பது. இந்தத் தலைமுறை சர்வரில் அதைச் செய்யவே கூடாது. டெபியன் 5 காலத்தில் முதல் பார்ட்டிஷன் 63-ஆம் செக்டரில் தொடங்கும். புது வட்டுகளின் உள்ளே இருப்பது 4096 பைட் செக்டர். வெளியே மட்டும் 512 பைட்போல நடிக்கின்றன. 63 என்பது 8-ஆல் வகுபடாது. ஆகவே கோப்பு முறைமையின் ஒவ்வொரு பிளாக்கும் இரண்டு உண்மையான செக்டர்களின் எல்லையில் குந்தியிருக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் வட்டு முதலில் இரண்டையும் படித்து, திருத்தி, இரண்டையும் எழுத வேண்டும். வட்டு பழுதாகாது, ஆனால் எழுதும் வேகம் படுத்துவிடும். காரணம் தெரியாமல் கெர்னலைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

2048-ஆம் செக்டரில் தொடங்கினால் இந்தச் சிக்கல் இல்லை. இன்னொரு லாபமும் உண்டு. கிரப் 2 தன் உடலை முதல் செக்டருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவேயுள்ள வெற்றிடத்தில் வைக்கிறது. 63-இல் தொடங்கினால் அந்த வெற்றிடம் 62 செக்டர்கள், அதாவது 31,744 பைட். ரெய்டைப் படிக்கும் பகுதியும் சேர்ந்தால் கிரப்பின் உடல் அதில் அடங்காமல் போகலாம். மேம்படுத்தும்போது ‘கோர் இமேஜ் வழக்கத்துக்கு மாறாகப் பெரிதாக இருக்கிறது’ என்று நின்றுவிடும் பழைய சர்வர்களின் கதை இதுதான்.

எம்பிஆர் என்ற பழைய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை 512 பைட் செக்டர்களில் 2 டெபிபைட்டுக்கு மேல் பார்க்காது, 0.90 ரெய்டு வடிவத்துக்கும் ஓர் உறுப்புக்கு 2 டிபி அளவில் எல்லை உண்டு. 1 டிபியில் இரண்டும் தொந்தரவில்லை, எம்பிஆரே போதும். கடைசியில் ஏறத்தாழ 100 எம்பி காலியாக விட்டேன். நாளை மாற்றாக வரும் வட்டு சில செக்டர்கள் குறைவாக இருந்தாலும் ரெய்டில் சேரும்.

கோப்பு முறைமையை எந்தக் கருவியால் உருவாக்குவது என்பதும் முக்கியம். மீட்பு யுஎஸ்பியில் இருப்பது புதிய கருவிகள். அவை எக்ஸ்ட்4 உருவாக்கும்போது, கெர்னல் 3.2-க்குப் பின் வந்த மெட்டாடேட்டா சரிபார்ப்பு வசதியையும் தாமாகவே சேர்த்துவிடும். பழைய கெர்னல் அதை எழுதும் முறையில் மவுன்ட் செய்ய மறுக்கும், பழைய எஃப்எஸ்சிகேவுக்கும் அது புரியாது. அதனால் பழைய அமைப்பையே எழுப்பி, புது வட்டை அருகில் இணைத்து, அதன் சொந்தக் கருவிகளாலேயே எல்லாவற்றையும் உருவாக்கினேன். அந்தக் கருவிகளில் சில நிறுவப்பட்டிருக்கவில்லை. டெபியனின் பழைய வெளியீடுகள் காப்பகக் களஞ்சியத்துக்கு மாற்றப்பட்டுவிட்டதால், மூலப் பட்டியலில் அந்த முகவரியைக் கொடுத்து, காலாவதித் தேதிச் சோதனையை மட்டும் அணைத்தால் தொகுப்புகள் கிடைக்கும். தேவையான தொகுப்புகளை இன்னொரு கணினியில் இறக்கிக் கொண்டுவந்து சேர்த்தேன்.

முதல் புது வட்டில் மூன்று ரெய்டுகளை, இரண்டாவது உறுப்பை ‘மிஸ்ஸிங்’ என்று குறிப்பிட்டு உருவாக்கினேன். பூட் பகுதிக்கு 1.0 வடிவம், ரூட் எனும் முதன்மைக் கோப்பு முறைமைக்கு 1.2. மூன்றாவது ஸ்வாப்புக்கு. இந்தப் பதிவு முழுவதும் இந்த மூன்றாவதற்காகத்தான். ஆர்சிங்க் கொண்டு உரிமைகள், கடின இணைப்புகள், நீட்டிப்புப் பண்புகள் அனைத்தோடும் கோப்புகளை நகலெடுத்தேன். கணக்கு மென்பொருளை அதற்கு முன் நிறுத்தியிருந்தேன். எஃப்எஸ்டேப்பில் வட்டுப் பெயர்களை நீக்கி கோப்பு முறைமைகளின் தனி அடையாளமான யுயுஐடி எண்களைப் போட்டேன். எம்டிஏடிஎம்மின் அமைப்புக் கோப்பைப் புதுப்பித்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்டினேன். இதை மறந்தால் பூட்டின்போது ரூட் சாதனம் இல்லை என்று சொல்லிச் சிறு ஷெல்லில் கொண்டுபோய் விட்டுவிடும். கிரப்பை இரண்டு வட்டுகளிலும் நிறுவினேன்.

பெயர்களை நீக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லினக்ஸில் பழைய எச்டிஏ வட்டுகள் புதிய இயக்கி வந்தபோது எஸ்டிஏ ஆயின. ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறோர் இயங்குதளத்திலும் 2012-இல் வந்த 9.0 பதிப்பில் ஏடி என்ற பெயர் ஏடிஏவாக மாறியது. பெயரை நம்பிய அமைப்புகள் ‘மவுன்ட்ரூட்’ என்ற கேள்விக்குறியில் நின்றன. அங்கே வட்டைப் பிரதியாக்கும் ஜிமிரர் பயன்படுத்துவோருக்குச் சேர்த்துச் சொல்கிறேன்: ஜிமிரர் தன் விவரத்தை வட்டின் கடைசிச் செக்டரில் எழுதுகிறது, புது வகைப் பார்ட்டிஷன் அட்டவணையான ஜிபிடியின் மாற்றுப் பிரதியும் அதே இடத்தைக் கேட்கிறது. முழு வட்டையும் ஜிமிரரில் சேர்த்து மேலே ஜிபிடி போட்டால் இரண்டும் மோதும். பார்ட்டிஷன்களைத் தனித்தனியாகப் பிரதியாக்குவதே பாதுகாப்பு.

பழைய ரெய்டுகளில் நல்ல வட்டே வெளியேற்றப்படுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மேசைக் கணினி வகை வட்டு ஒரு கெட்ட செக்டரோடு ஒரு நிமிடத்துக்கும் மேல் போராடும். கெர்னல் 30 விநாடிதான் காத்திருக்கும், பிறகு இணைப்பையே மீட்டமைக்கும். வட்டு ஆதரித்தால் ஸ்மார்ட்சிடிஎல்லில் பிழை மீட்பு வரம்பை 70 என்று வைக்கலாம், அதாவது 7 விநாடி. அதற்குள் வட்டு தோல்வியை ஒப்புக்கொள்ளும், ரெய்டு மற்றதிலிருந்து படித்துக் கெட்ட இடத்தில் திரும்ப எழுதிச் சரிசெய்யும். ஆதரிக்காத வட்டுக்குக் கெர்னலின் காத்திருப்பை 180 விநாடியாக்க வேண்டும். மின்சாரம் போனால் பல வட்டுகளில் இந்த அமைப்பு அழிந்துவிடும். ஒவ்வொரு பூட்டிலும் ஓடும் நிரலில் அதைச் சேர்த்தேன்.

விழவைத்துப் பார்த்தல்

இரண்டாவது வட்டையும் சேர்த்து ஒத்திசைவு முடிந்ததும் சோதனை. ஒவ்வொரு வட்டையும் தனியாக வைத்துப் பூட் செய்து பார்த்தேன்; இரண்டும் எழுந்தன. எம்டிஏடிஎம்மில் ஓர் உறுப்பைப் பழுதென்று குறிப்பது போதாத சோதனை, ஏனென்றால் அது ரெய்டை மட்டுமே தொடுகிறது, வட்டு காணாமல் போவதைக் காட்டாது. கெர்னல் தன் சாதனங்களைக் காட்டும் சிஸ் கோப்பகத்தில் வட்டின் ‘டெலிட்’ கோப்பில் 1 என்று எழுதினால், கேபிளைப் பிடுங்கியதுபோலக் கெர்னலின் பார்வையிலிருந்து முழு வட்டும் மறைந்துவிடும்.

நினைவகத்தை நிரப்பும் ஒரு சிறு நிரலை ஓட்டி, ஸ்வாப்பில் நூற்றுக்கணக்கான எம்பி ஏறியதை உறுதிசெய்துகொண்டு, எஸ்டிபியை மறையவைத்தேன். நெட்கன்சோலில் மூன்று ரெய்டுகளும் ஒவ்வொன்றாக ‘ஒரு சாதனத்துடன் வேலை தொடர்கிறது’ என்று சொல்லின. ஸ்வாப் பிழை வரி ஒன்றுகூட வரவில்லை. நிரல் தன் நினைவகத்தைத் திரும்பப் படித்து முடித்தது. எஸ்டிஏவை மறையவைத்தபோதும் அதே பலன். நழுவிய வட்டை மறுபடி தேடவைத்து, ரெய்டில் சேர்த்து, இம்முறை ரூட்டின் மின்னஞ்சல் என் பெட்டிக்கு வந்ததையும் பார்த்தேன்.

மாதாந்திரச் சரிபார்ப்பை மீண்டும் இயக்கியிருக்கிறேன். முதல் சரிபார்ப்பில் பூட்டும் ரூட்டும் பொருத்தமின்மை எண்ணிக்கையில் சுழியம் காட்டின. ஸ்வாப் ரெய்டு மட்டும் சுழியம் காட்டவில்லை. அதைக் கண்டு மறுபடி கேபிளைச் சந்தேகிக்கத் தேவையில்லை. ஸ்வாப்புக்கு எழுதப்படும் பக்கம், ஒரு வட்டுக்குப் போய் மற்றதற்குப் போவதற்குள் நினைவகத்தில் மாறிவிடலாம். அப்படி மாறிய பக்கத்தைக் கெர்னல் திரும்பப் படிக்கப்போவதில்லை, அதனால் இரண்டு பிரதிகளும் வேறுபட்டுக் கிடந்தாலும் கேடில்லை. ஸ்வாப் ரெய்டான எம்டி2-இல் இந்த எண்ணை விட்டுவிடலாம். ரூட் இருக்கும் எம்டி1-இல் சுழியம் தவிர வேறு எண் வந்தால் அன்றே நெட்கன்சோலின் கோப்பையும் 199-ஐயும் பார்க்க வேண்டும்.